நாள் மாறுவது மதியம் ஒன்றரைக்கு: ஒரு சிஆர்எம் அனுபவம்

நாங்கள் பயன்படுத்தும் சிஆர்எம்முக்கு (வாடிக்கையாளர் விவரங்களைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்) ஆண்டுச் சந்தாவில் விலை குறைத்திருக்கிறார்கள், எடுக்கலாமா என்று ஏசி விற்பனையில் இருக்கும் நண்பர் கேட்டார். போனில் பேசினால் கோபம்தான் வரும் என்பதால் எழுதிவிடுகிறேன். எங்களுடையது வாட்டர் பியூரிஃபையர் விற்பனையும் சர்வீஸும். சிஆர்எம் வாங்கியதே ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், முடியும் தேதியை நினைவூட்டத்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் கூப்பிட்டதும் பழைய கதை முழுக்கத் திரையில் வந்துவிடும். என்ன மாடல், ஃபில்டர் எப்போது மாற்றினோம், போன தடவை எதற்குச் சத்தம் போட்டார் வரைக்கும். டெக்னீஷியன் வாசலில் நின்றபடியே மொபைலில் வேலையை முடித்துவிடுவார். இதில் குறையே இல்லை.

என் எரிச்சலெல்லாம் ஷெட்யூல் செய்த ஒர்க்ஃப்ளோ, அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் ரூல் மேல்தான். 'ஏஎம்சி முடிய 15 நாள் இருக்கும்போது காலை ஒன்பதுக்கு மெயில் அனுப்பு, டெலிகாலருக்கு டாஸ்க் போடு.' ரூல் ஒன்றுதான், ஆனால் கணக்கு ஆளுக்கு. 200 பேருக்குத் தேதி வந்தால் மெயில் 200, டாஸ்க் 200, ஆக 400. எங்கள் மெஷின் அதிகம் விற்பது ஏப்ரல், மே வெயிலில். அப்போது ஏஎம்சியும் வருஷா வருஷம் அதே மாதங்களில்தான் கும்பலாக முடியும். ஒரு நாளைக்கு இத்தனை வேலைதான் தானாக நடக்கும் என்கிற தினசரி லிமிட்டோ பன்னிரண்டு மாதமும் ஒன்றுதான்.

தாண்டினால் மிச்சத்தை மறுநாள் அனுப்புமா? அனுப்பாது, அப்படியே விட்டுவிடும். செட்டிங்ஸ், ஆட்டோமேஷன், லாக் என்று தோண்டிக்கொண்டே போனால் 'தினசரி வரம்பு முடிந்தது' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருக்கும். ஒரு அலர்ட் கிடையாது.

அதைவிடக் கொடுமை அந்தத் 'தினசரி'. கணக்கு பூஜ்யமாவது அமெரிக்க மேற்குக் கரையின் நள்ளிரவில். நமக்கு அது மதியம் ஒன்றரை. அங்கே கோடைக்குக் கடிகாரத்தை நகர்த்திவிட்டால் பன்னிரண்டரை. நேற்று சாயங்காலம் சேல்ஸ் பையன்கள் புது என்கொயரிகளுக்கெல்லாம் ஆஃபர் மெயில் ஷெட்யூல் போட்டுத் தீர்த்துவிட்டால், இன்று காலை ரிமைண்டருக்கு ஒன்றும் மிஞ்சாது. சப்போர்ட்டில் கேட்டால் "பெரிய பிளானுக்கு மாறுங்க சார்." எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான்.

லிமிட்டே கூடாது என்று சொல்லவில்லை. ஒரே சர்வரைப் பல கம்பெனிகள் பகிரும்போது ஒருவர் தப்பாகப் போட்ட ரூல் மற்றவர்களை முடக்கக்கூடாது, சரி. சேல்ஸ்ஃபோர்ஸ் என்கிற இன்னொரு சிஆர்எம்மிலும் இப்படி ஷெட்யூலில் ஓடும் ஃப்ளோவுக்கு 24 மணி நேரத்தில் 2,50,000 தடவை அல்லது யூசர் லைசென்ஸ் எண்ணிக்கையைப் போல் 200 மடங்கு, இதில் எது அதிகமோ அதுதான் வரம்பு. வரம்பு வைக்கட்டும். தாண்டியதைச் சொல்லவாவது வேண்டாமா?

இப்போது ரூலை மதியம் இரண்டு மணிக்குத் தள்ளி, மாடல் வாரியாக 20 நாள், 15 நாள், 12 நாள் என்று பிரித்துப் போட்டிருக்கிறேன். மெயில் போகிறது. டெலிகாலர்கள்தான் காலையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

நண்பருக்கு: ஏசியும் வெயிலில்தான் விற்கும், அதனால் வாங்க வேண்டாம். நாங்கள் இந்த மாதம் ரினியூ செய்துவிட்டோம். டெக்னீஷியன்கள் வேறெதையும் தொட மாட்டோம் என்கிறார்கள்.