பழைய கன்வெர்ட்டிபிளை கஸ்டம் காராக்க எந்தச் சேஸ்? எக்ஸ் மெம்பரை வைத்து ஓர் அலசல்

1955–57 செவ்ரலே ஒன்றை லிஃப்டில் ஏற்றி அடியில் பார்த்தால், மேலே கூரை எப்படி என்று பார்க்காமலே அது இரும்புக் கூரை செடானா, கூரை மடியும் கன்வெர்ட்டிபிளா என்று சொல்லிவிடலாம். கன்வெர்ட்டிபிளின் சேஸ் நடுவில் பெருக்கல் குறி போல ஒரு எக்ஸ் மெம்பர் ஓடும். செடானில் அந்த இடம் காலி. 1949–51 ஃபோர்டிலும் இதே கதைதான். செடானில் இரும்புக் கூரை வாங்கிக்கொள்ளும் முறுக்கை, கன்வெர்ட்டிபிளில் அந்த எக்ஸும் கதவுக்கு அடியில் ஓடும் ராக்கரும்தான் வாங்கிக்கொள்கின்றன.

கஸ்டம், அதாவது பழைய வண்டியைத் தன் விருப்பத்துக்கு மாற்றிக் கட்ட, இறங்குபவர்கள் பெரும்பாலும் இன்ஜினில் ஆரம்பிப்பார்கள். இன்ஜினுக்கு ஏற்ற கியர்பாக்ஸ், கியர்பாக்ஸுக்கு இடம் போதாமல் எக்ஸில் ஒரு வெட்டு, பெயின்ட் எல்லாம் முடிந்து பள்ளத்தில் ஏறி இறங்கும்போது கதவு தானாகத் திறக்கும். அதனால் இங்கே எந்த வழியைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: எக்ஸ் மெம்பருக்கு இது என்ன செய்கிறது? பேச்சு முழுக்க 1930 முதல் 1950கள் வரையிலான, பாடி வேறு சேஸ் வேறாக உள்ள வண்டிகளைப் பற்றியது. சேஸே இல்லாத மோனோகாக் ரோட்ஸ்டர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

எந்த வழியானாலும் முதலில் இது

கன்வெர்ட்டிபிள் பாடியைச் சேஸிலிருந்து அப்படியே தூக்கினால் கதவுத் திறப்பு மடிந்துவிடும். முன் கீல் தூணிலிருந்து பின் பூட்டுத் தூண் வரை 25×25×2 மி.மீ சதுரக் குழாய், ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, மூலைவிட்டமாக ஒன்று. இடது தூணிலிருந்து வலது தூணுக்குக் குறுக்கே இரண்டு. இவ்வளவு இல்லாமல் பாடியைத் தொடக்கூடாது.

வரிசைதான் முக்கியம். வண்டி தன் சக்கரத்திலோ, ஆக்சிலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தோ நிற்க வேண்டும். பாடி சேஸோடு சேரும் பாடி மவுன்ட்டில் ஷிம் என்ற மெல்லிய இடைத் தகடு வைத்து, கதவு இடைவெளி மேலும் கீழும் 4–5 மி.மீ ஒரே சீராக வந்த பிறகுதான் குழாயை வெல்டு செய்ய வேண்டும். தொங்கிப்போன பாடியில் பிரேஸ் போட்டால் அந்தத் தொங்கலே நிரந்தரமாகிவிடும். பிறகு புது ராக்கரும் கோணலாக உட்காரும், எவ்வளவு டிங்கரிங் செய்தாலும் கதவு பொருந்தாது.

முதல் வழி: பழைய சேஸையே பெட்டியாக்குவது

சேஸின் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் சட்டங்கள்தான் ரெயில்கள். பழைய ரெயில்கள் பல ப வடிவம். ஒரு பக்கம் திறந்தே இருக்கும். திறந்த உருவம் முறுக்குக்கு எவ்வளவு பலவீனம் என்று ஒரு சின்னக் கணக்கு. 150 மி.மீ உயரம், 50 மி.மீ விளிம்பு, 3 மி.மீ தகடு உள்ள ப வடிவ ரெயிலின் முறுக்கு மாறிலி (முறுக்கை எவ்வளவு எதிர்க்கும் என்ற எண்) சுமார் 2,250 மி.மீ⁴. திறந்த பக்கத்தை அதே 3 மி.மீ தகட்டால் அடைத்துவிட்டால் சுமார் 14.7 லட்சம். அறுநூறு மடங்குக்கும் மேல். அதற்காக வண்டியே அறுநூறு மடங்கு விறைத்துவிடாது. மூட்டுகளும் பாடி மவுன்ட்டுகளும் தங்கள் பங்குக்கு நெளியும். ஆனாலும் ஒரு தகட்டுக்கு இவ்வளவு பலன் தரும் வேலை இந்தக் காரில் வேறில்லை.

தகட்டை விளிம்போடு சமமாக வைக்காமல் ஒரு 3 மி.மீ உள்ளே தள்ளி வைத்தால் வெல்டு அந்தப் பள்ளத்தில் நிறையும். தேய்த்தாலும் பலம் போகாது. மூடும் முன் உள்ளே துரு நீக்கி, வெல்டு செய்யக்கூடிய பிரைமர் அடித்து, பாடி மவுன்ட் நட்டுகளையும் பிரேக் லைன் கிளிப் நட்டுகளையும் உட்புறம் பொருத்திவிட வேண்டும். மூடிய பிறகு கை போகாது. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும்.

வெல்டிங் 25–30 மி.மீ துண்டு துண்டாக, ஒரு துண்டு இடது ரெயிலில், அடுத்தது வலது ரெயிலில். அவசரப்பட்டு ஒரே பக்கம் நீளமாக இழுத்தால் ரெயில் வாழைப்பழம் போல வளையும். தொடங்கும் முன்பும் முடித்த பிறகும் மூலைவிட்டம் அளந்து பார்க்க வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களுக்கும் வித்தியாசம் 3 மி.மீ-க்குள் இருக்கட்டும். எக்ஸின் கால்கள் ரெயிலோடு சேரும் இடத்து ரிவெட்டுகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால், தளர்ந்தது தனியாகச் சத்தம் கொடுக்கும். அவற்றை எடுத்துவிட்டு இறுக்கமான போல்ட்டோ வெல்டோ போட்டால்தான் எக்ஸ் எக்ஸாக வேலை செய்யும்.

முன் சஸ்பென்ஷனுக்கு இந்த வழியில் வழக்கமான துணை, 1974–78 ஃபோர்டு மஸ்டாங் டூ மாதிரியில் செய்த கிராஸ் மெம்பர், அதாவது இரு ரெயிலையும் இணைத்து முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம். பழைய பாகங்களைக் கழற்றும் முன்பே ஆக்சில் மையத்தை ரெயிலில் குறித்துக்கொள்ள வேண்டும். வண்டி கடைசியில் எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் நிற்குமோ அந்த நிலையில் ரெயிலை நிறுத்தி, கிராஸ் மெம்பரைத் தரைக்குச் சமமாகப் பற்றவைக்க வேண்டும். ரெயிலுக்குச் சமமாக வைத்தால், பின்பக்கம் உயர்ந்து நிற்கும் வண்டியில் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) போய்விடும். பவர் ஸ்டியரிங் இருந்தால் காஸ்டர் 3–4 டிகிரி, கேம்பர் (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு) பூஜ்யம் முதல் மைனஸ் அரை டிகிரி, டோ-இன் (முன் சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பும் அளவு) 1.5–3 மி.மீ என்று தொடங்கலாம்.

அதிகம் பேர் சறுக்குவது டிராக் அகலத்தில், அதாவது இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தில். அகலமான வண்டிக்காகக் கிராஸ் மெம்பரை நீட்டுவார்கள், ஸ்டியரிங் ரேக்கை மட்டும் அப்படியே விட்டுவிடுவார்கள். ரேக்கின் உட்பக்க மூட்டு, கீழ்க்கையின் உட்பக்கப் பிவட்டோடு நேராக இல்லாவிட்டால் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் சக்கரம் தானாகத் திரும்பும். ஸ்பிரிங்கையும் வண்டியின் எடைக்கு வாங்க வேண்டும். மஸ்டாங் டூ சின்ன வண்டி. ஒன்றரை டன்னைத் தாண்டும் கன்வெர்ட்டிபிளுக்கு அதன் ஸ்பிரிங் தாங்காது.

எக்ஸ் என்ன ஆகிறது? முழுசாக மிஞ்சுகிறது. சேஸ் துருவில் ஓட்டை விழாமல் இருந்தால், கன்வெர்ட்டிபிளுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான்.

இரண்டாம் வழி: வேறு காரின் முன்பகுதியை ஒட்டுவது

1970–81 செவ்ரலே கமாரோவின் முன் சப்ஃபிரேமை (இன்ஜினையும் முன் சக்கரங்களையும் தாங்கும் சட்டத்தை) அறுத்து எடுத்து, பழைய ரெயிலை ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுத் தகடு) அருகே வெட்டி ஒட்டுவது பழகிய முறை. டிஸ்க் பிரேக், ஸ்டியரிங் பாக்ஸ், இன்ஜின் மவுன்ட் எல்லாம் தொழிற்சாலைக் கணக்கில் ஒரே துண்டாக வந்துவிடும். அந்த ஆசை நியாயமானதுதான். கூரையுள்ள கூப்பேயில் ஒழுங்காகச் செய்தால் வாழ்நாளுக்கும் ஓடும்.

கன்வெர்ட்டிபிளில் சிக்கல் வெட்டும் இடத்தில். எக்ஸின் முன் கால்கள் ரெயிலைத் தொடுவது பெரும்பாலும் அதே ஃபயர்வால் பகுதியில்தான். வளைவும் முறுக்கும் அதிகம் விழும் இடமும் அதுவே. அங்கே ரெயிலை வெட்டி, வேறு உயரமும் வேறு அகலமும் உள்ள ரெயிலை ஒட்டினால், எக்ஸின் முன் கால்களுக்குப் பிடிமானம் குறையும். செய்தே ஆக வேண்டுமானால் இணைப்பு நேர்வெட்டாக இருக்கக்கூடாது. இரண்டு ரெயிலும் 250–300 மி.மீ ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று, இரு பக்கமும் வைர வடிவ 5 மி.மீ தகடு வர வேண்டும். செங்குத்தாக ஒரே கோட்டில் போட்ட வெல்டு, விரிசல் விடக் கோடு கிழித்துக் கொடுத்த மாதிரி.

இதோடு, சுமார் 61 அங்குல டிராக் பழைய மட்கார்டுக்கு வெளியே டயரைத் தள்ளும். ரேடியேட்டர், மட்கார்ட், பம்பர் மவுன்ட்டுகளையும் புதிதாகச் செய்ய வேண்டும். மிச்சம் பிடித்த வேலையெல்லாம் அங்கே வட்டியோடு போய்விடும். திறந்த காருக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

மூன்றாம் வழி: முழுப் புதுச் சேஸ்

இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக்கூடாது.

முதல் வகை, வேறு வண்டியின் சேஸை இரவல் வாங்குவது. நீளப் படுக்கை கொண்ட செவ்ரலே எஸ்-10 பிக்கப்பின் வீல்பேஸ் (முன் பின் ஆக்சில் இடைத்தூரம்) 117.9 அங்குலம், 1949–51 மெர்க்குரியின் வீல்பேஸ் 118. அளவு நாடா ஆசை காட்டும். ஆனால் அது பிக்கப் சேஸ். எக்ஸ் கிடையாது, கேபினுக்கு அடியில் மட்டும்தான் பாடி மவுன்ட். நீளமான கன்வெர்ட்டிபிள் பாடியை அதன்மேல் உட்கார வைத்தால் பின்பாதி அந்தரத்தில் நிற்கும். இந்த யோசனை கூரையுள்ள வண்டியோடு நிற்கட்டும்.

இரண்டாம் வகை, அந்த மாடலுக்கென்றே 50×100 மி.மீ அல்லது அதைவிடப் பெரிய செவ்வகக் குழாயில், 3–5 மி.மீ தடிப்பில் செய்த சேஸ். எக்ஸையும் குழாயிலேயே செய்து, சைலன்சர் பைப்புக்கு வழி விட்டு, கியர்பாக்ஸுக்குத் தோதாக நடுவை அகட்டிக் கட்டலாம். பழைய சேஸ் அரித்துப்போனவர்களுக்கும், 400 குதிரைத்திறனை நினைப்பவர்களுக்கும் இதுவே நல்ல வழி. பாடி மவுன்ட்டுகளை மட்டும் பழைய சேஸிலிருந்து ஜிக் (அளவுச் சட்டம்) செய்து, ஒவ்வொன்றும் 2 மி.மீ-க்குள் விழும்படி மாற்ற வேண்டும். உயரத்தில் பிசகினால் கதவு காட்டிக்கொடுக்கும். தரைத்தகட்டையும் ஓரளவு வெட்ட வேண்டிவரும்.

காகித விஷயம் ஒன்றையும் மறக்கக்கூடாது. 1932–48 ஃபோர்டுகளில் வண்டி எண்ணைச் சேஸ் ரெயிலில்தான் பொறித்தார்கள். அந்தச் சேஸைத் தூக்கிப் போட்டால், சட்டத்தின் பார்வையில் உங்களிடம் இருப்பது எந்த வண்டி என்ற கேள்வி வரும். வெட்டும் முன் பதிவு விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்ஜினும் கியர்பாக்ஸும்: இடிப்பது கியர்பாக்ஸ்தான்

ஃபோர்டின் பழைய ஃபிளாட்ஹெட் (வால்வுகள் பிளாக்கிலேயே உள்ள) வி8-ஐ வைத்துக்கொண்டால் எக்ஸுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. 1949 ஃபோர்டில் 239 கன அங்குலம், 100 குதிரைத்திறன். அதன் தொல்லை வெப்பம். எக்ஸாஸ்ட் வழி பிளாக்குக்குள்ளேயே, தண்ணீர் அறைகளை ஒட்டிப் போகிறது. நடு இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே துவாரம். வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் சகஜம். காந்தத்தால் விரிசல் தேடும் மேக்னஃபிளக்ஸும் பிரஷர் டெஸ்ட்டும் செய்யாமல் அந்த பிளாக்கில் ஒரு காசு செலவழிக்கக்கூடாது.

ஸ்மால் பிளாக் செவ்ரலேயின் டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால் இருப்பதால் ஃபயர்வாலில் இடிக்கும். செவ்ரலேயின் பிந்தைய எல்.எஸ். வகையில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை, அலுமினிய பிளாக் என்றால் எடையும் குறைவு. ஆனால் டிரக் இன்ஜினின் ஆழமான ஆயில் சம்ப் புது கிராஸ் மெம்பரில் உட்கார்ந்துவிடும். சம்ப்பை மாற்ற வேண்டும். சுமார் 4 பார் அழுத்தத்துக்கான ஃபியூவல் பம்ப்பும், 12 வோல்ட் வயரிங்கும் அதோடு வரும் செலவு. மின் மோட்டார் போட்டால் கியர்பாக்ஸ் தலைவலி தீரும், பேட்டரிக்கு இடம் தேடும் தலைவலி வரும். டிக்கிப் பக்கத்துப் பள்ளத்தில் மடித்த கூரை ஏற்கெனவே குடியிருக்கிறது.

எக்ஸை வெட்ட வைப்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 700ஆர்4 போன்றவற்றின் அகலமான அடிச்சட்டி எக்ஸின் நடு முடிச்சில் நுழையாது. டி5 ஐந்து கியர் மேனுவல் ஒல்லி. சில்லறைத் திருத்தத்தோடு போய்விடும். எஸ்-10-இல் வந்த டி5-இன் கியர் கம்பி முன்னால் இருப்பதால் பழைய கார்களின் பெஞ்ச் சீட்டில் இடிக்காது. ஆனால் பெரிய எல்.எஸ். இன்ஜினின் டார்க்கை அது தாங்கும் என்று நம்ப வேண்டாம்.

ஆட்டோமேட்டிக்தான் வேண்டுமென்றால், எடுத்த முடிச்சுக்குப் பதில் போல்ட் போட்ட ஒரு குறுக்குச் சட்டம் மட்டும் போதாது. எக்ஸின் கால் ஒரு மூலையில் தொடங்கி, நடுவைத் தாண்டி, எதிர் மூலை வரை அறுபடாமல் போவதில்தான் அதன் பலம். நடுவில் போல்ட் பிராக்கெட் வந்தால் அந்த இடம் கீல் ஆகிவிடும். கியர்பாக்ஸைச் சுற்றிக் கால்களை வளைத்துத் தொடர்ந்து, மேலும் கீழும் 5 மி.மீ தகடு வைத்துத் தைக்க வேண்டும். சைலன்சர் பைப்புக்கு ஓட்டை போட்டால் சட்டத்தின் உயரத்தில் சரிபாதியில் போட்டு, உள்ளே 75 மி.மீ குழாய் நுழைத்து இரு பக்கமும் வெல்டு செய்ய வேண்டும். விளிம்பை ஒட்டிய ஓட்டை அதிக இழுவிசை உள்ள இடத்தைத் தின்றுவிடும்.

பிரேக் பூஸ்டரும் தரைக்கு அடியில் இதே எக்ஸ் காலில்தான் இடம் கேட்கும். 7 அங்குலத்துக்கு மேல் யோசிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டர் கேலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால் டிஸ்க் லைனில் 2 பி.எஸ்.ஐ., டிரம் லைனில் 10 பி.எஸ்.ஐ. ரெசிடுவல் வால்வு (லைனில் சிறிது அழுத்தம் நிறுத்திவைப்பது) வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் பின்னால் வடிந்து, முதல் மிதியில் பெடல் தரை வரை போகும்.

கூரை

கண்ணாடிச் சட்டத்தை 50–75 மி.மீ தாழ்த்துவது கஸ்டமின் முகவெட்டையே மாற்றும். மடியும் கூரையை வைத்துக்கொண்டு தாழ்த்தினால் பக்கக் கம்பிகளின் பிவட் கணக்கு முழுக்க மாறும். மடிக்கும்போது பள்ளத்தில் அடங்காமல் துருத்தும். கார்சன் டாப் பாணியில் பஞ்சு வைத்துத் தைத்த, மடியாத, தூக்கி எடுக்கும் கூரை செய்வதும் எளிது, பின் கோடும் அழகு. ஆனால் எடுத்து வைக்க இரண்டு பேர் வேண்டும், வெளியே போனபின் மழை வந்தால் நனைய வேண்டியதுதான். லேமினேட்டட் முன் கண்ணாடியை அறுக்கலாம். டெம்பர்டு கதவுக் கண்ணாடி அறுத்தால் தூளாகிவிடும், புதிதாகச் செய்ய வேண்டும். தனி இரும்பு ஹார்டுடாப் மாட்டினால் வண்டி விறைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். நாலு கொக்கியில் நிற்கும் கூரை கிறீச்சிடும், அவ்வளவுதான்.

பெயின்ட்டுக்கு முன்

இன்ஜின், கியர்பாக்ஸ், கதவு, சீட் எல்லாம் ஏற்றி, பாடி பிரேஸை அறுத்து எடுத்தபின் ஒரு சோதனை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு கதவையும் சாத்தி, கதவின் பின் மேல் மூலையில் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து டேப்பில் எழுதி ஒட்டுங்கள். இடது முன் ரெயிலுக்கு அடியில் ஜாக்கி வைத்து அந்தச் சக்கரம் தரையை விட்டு எழும் வரை தூக்குங்கள். மறுபடி அளவு. மாற்றம் 1 மி.மீ-க்குள் இருந்தால் பெயின்ட் கடைக்கு அனுப்பலாம். 3 மி.மீ மூடினாலோ, தூக்கிய நிலையில் கதவுப் பூட்டு உரசினாலோ, எக்ஸின் நடுவையும் ராக்கரையும் திரும்பப் பாருங்கள். வலது பக்கமும் இதையே செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் மூடினால் அந்தப் பக்கத்து எக்ஸ் காலில் ஏதோ ஒரு வெல்டு பிடிக்கவில்லை.