எஸ்இஓ சோதனைக்கு சாட்பாட்: எங்கே கைகொடுக்கும், எங்கே கவிழ்க்கும்

தள முகவரியை மட்டும் கொடுத்து "எஸ்இஓ (கூகுள் போன்ற தேடலில் தளத்தை முன்னே கொண்டுவரும் வேலை) எப்படி?" என்று கேட்டால், சாட்பாட் சில நேரம் பக்கத்தைத் திறக்காமலேயே மதிப்பெண் போட்டுவிடும். கண்ட்ரோல்-யூ அழுத்தி மூலநிரலை எடுத்து ஒட்டுங்கள். டைட்டில், எச்1 (பக்கத்தின் முதன்மைத் தலைப்பு), கேனானிக்கல் (ஒரே பக்கத்துக்குப் பல முகவரிகள் இருந்தால் எது அசல் என்று சொல்லும் குறி) பிழைகளையும், தளம் கட்டியபோது போட்டு எடுக்க மறந்த, 'தேடலில் காட்டாதே' என்று சொல்லும் நோஇன்டெக்ஸையும் நன்றாகவே பிடிக்கிறது.

உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகே உருவாகும் பக்கமென்றால், மூலநிரலில் எழுத்து இல்லாததால் "உள்ளடக்கமே இல்லை" என்று அலறும். அதற்கு, தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் கருவியான சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் காட்டும் எச்டிஎம்எல்தான் வேண்டும்.

உண்மையான பலன் வேறிடத்தில். சர்ச் கன்சோலின் தேடல்சொல் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக சாட்பாட்டில் ஏற்றி, இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் காட்டப்பட்ட எண்ணிக்கை) அதிகமாகவும் கிளிக் குறைவாகவும் உள்ள சொற்களைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். எந்த டைட்டிலை மாற்றுவது என்று தெரிந்துவிடும்.

மாதத் தேடல் எண்ணிக்கையை மட்டும் கேட்காதீர்கள், கூசாமல் அளந்துவிடும். கூகுள் பயன்படுத்துவதில்லை என்று 2009-லேயே அறிவித்த மெட்டா கீவேர்ட்ஸை (பக்க நிரலில் தேடல்சொற்களைப் பட்டியலிடும் குறி) இன்னும் சிபாரிசு செய்தால், மற்ற ஆலோசனைகளையும் சந்தேகியுங்கள்.