ரியாக்‌ஷன் லைட் வாங்கலாமா? கயத்தாறு பக்கத்திலிருந்து ஒரு பி.டி. டீச்சர்

கோல்கீப்பர் பயிற்சிக்கென்று எங்கள் பள்ளிக்கு ரியாக்‌ஷன் லைட் வாங்கி ஒரு ஹாக்கி சீசன் முடிந்துவிட்டது. கோவில்பட்டியில் எந்த டோர்னமென்ட்டுக்குப் போனாலும் மற்ற பள்ளி பி.டி. டீச்சர்கள் என்னைக் கேட்பது ஒன்றுதான். "அந்த லைட்டு வாங்கினீங்களே, பிரயோசனம் உண்டா?" மேட்ச் இடைவேளையில் நின்றுகொண்டே பதில் சொல்லித் தீராது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சாமான் இதுதான். உள்ளங்கை அகலத்தில் வட்டமான பிளாஸ்டிக் வில்லைகள் நான்கு. மேலே ரப்பர் உறை, சுற்றி எல்இடி வளையம். போனில் ஒரு ஆப் இறக்கி ப்ளூடூத்தில் இணைத்துவிட்டால், எந்த வில்லை எப்போது எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். எரிந்ததும் தொட வேண்டும். தொட்டதும் அணைந்து, எத்தனை மில்லி செகண்டில் தொட்டோம் என்று போனில் எண் விழும். சார்ஜ் போடும் தட்டும் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பழைய மாணவிகள் சேர்ந்து கொடுத்த பணம், அதனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குப் பார்க்கிறேன். கம்பெனி பெயர் எழுதவில்லை. இதே வார்ப்பில் பல பெயர்களில் ஆன்லைனில் கிடக்கிறது.

பெட்டியில் "ரிஃப்ளெக்ஸ் இரட்டிப்பாகும்" என்று அச்சடித்திருக்கிறார்கள். அதை நம்பி மட்டும் வாங்காதீர்கள். டாக்டர் சுத்தியலால் முழங்காலில் தட்டினால் கால் உதறுகிறதே, அதற்கு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குதான் ஆகும், அதுகூட ஆகாது. செய்தி தொடையிலிருந்து தண்டுவடத்துக்குப் போய் அங்கிருந்தே திரும்பிவிடுகிறது, மூளையைக் கேட்பதில்லை. இந்த மாதிரித் தண்டுவட உதறலின் வலுவைக்கூட நெடுநாள் பழக்கத்தில் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம் என்று அமெரிக்காவில் ஜொனாதன் வோல்பா 1980-களில் குரங்குகளிடம் காட்டினார். ஆனால் கோலில் நிற்கும் பிள்ளைக்கு வேண்டியது வேறு. பந்து கண்ணில் பட்டு, மூளை ஒரு முடிவுக்கு வந்து, கையோ காலோ அசையத் தொடங்கும் வரை ஆகிற நேரம்தான், அதாவது ரியாக்‌ஷன் டைம்தான், அவளுக்கு முக்கியம். வெளிச்சத்தைப் பார்த்து ஒரே ஒரு பட்டனை அமுக்க இளவட்டங்களுக்கு 0.2 முதல் 0.25 நொடி ஆகும். சத்தம் கேட்டு அமுக்க அதைவிடக் குறைவு, 0.15 பக்கம் வரும். இரண்டு மூன்று பட்டனில் எது என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் நேரம் கூடும். நெதர்லாந்துக்காரர் டோண்டர்ஸ் 1868-லேயே இதை அளந்து எழுதிவிட்டார்.

லைட் வந்த கையோடு கீப்பர்கள் இரண்டு பேருக்கும் ஸ்கேல் சோதனை வைத்துக் குறித்துக்கொண்டேன். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை நான் மேலே பிடித்திருப்பேன். பூஜ்யம் இருக்கும் முனை அவள் விரல்களுக்கு நடுவில் இருக்கும். சொல்லாமல் விடுவேன், அவள் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. இறங்கினால் 0.20 நொடி, 15 செ.மீ. என்றால் 0.175. பூமி இழுக்கிற வேகம் எல்லாருக்கும் ஒன்றுதான், அதனால் இதில் ஏமாற்று கிடையாது.

சீசன் முடிவில் பார்த்தால், லைட்டில் எங்கள் பெரிய கீப்பரின் சராசரி 620 மில்லி செகண்டிலிருந்து 430-க்கு இறங்கியிருந்தது. (கை போய்ச் சேரும் நேரமும் இதில் சேர்த்தி.) ஆப் அவளுக்கு மூன்று கோப்பையும் பட்டாசும் காட்டியது. ஸ்கேலில் அதே பிள்ளை 19 செ.மீ.யிலிருந்து 18-க்கு வந்திருந்தாள். நொடியில் கணக்குப் போட்டால் 0.005. அந்த அளவுக்கு ஸ்கேல் எண் ஒரு நாளைக்கும் மறுநாளைக்குமே மாறும். அப்படியானால் லைட்டில் குறைந்த அத்தனை மில்லி செகண்டும் எங்கே போனது? வில்லை இருக்கும் இடம் அவள் கைக்குப் பழகிவிட்டது. எந்த உயரத்தில் கையை வைத்துக் காத்திருக்க வேண்டும், ஒன்றைத் தொட்டதும் உடம்பை எப்படி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் பழகிவிட்டது. டீமிலேயே இல்லாத ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, இன்டர்வலில் வந்து விளையாட்டுக்குத் தட்டியே இதே மாதிரி எண்ணைக் குறைத்துக் காட்டினாள். பதிமூன்று பதினான்கு வயசில் வளர வளர இந்த நேரம் தானாகவும் குறையும். வருஷக் கணக்கில் "முன்பு, பின்பு" என்று படம் போட்டு விற்கிறவர்கள் இதை மட்டும் சொல்வதில்லை.

சரி, ரியாக்‌ஷன் டைம் பெரிதாகக் குறையாது என்றால் நல்ல கீப்பர் எப்படி உருவாகிறாள்? என் மனசுக்குப் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது.

பெனால்ட்டி ஸ்ட்ரோக், அதாவது கீப்பரை மட்டும் எதிரே வைத்து எடுக்கும் ஷாட், 6.40 மீட்டரிலிருந்து. கோல் 3.66 மீட்டர் அகலம், 2.14 உயரம். பந்து மணிக்கு 80 கிலோமீட்டரில் வந்தால் கோலை எட்ட 0.3 நொடிகூட இல்லை. அதில் 0.2 நொடி பார்த்து முடிவெடுக்கவே போய்விடும். மிச்சம் இருப்பதில் கையைக்கூட முழுசாக நீட்ட முடியாது. டி-யின் (கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் அரைவட்டம்) நெற்றியிலிருந்து வரும் டிராக் ஃபிளிக் நூறு கிலோமீட்டரில் வந்தால் ஏறக்குறைய அரை நொடி கிடைக்கும், அவ்வளவுதான். அடித்த பந்தென்றால் சத்தமாவது காதில் விழும். டிராக் ஃபிளிக்கில் பந்து மட்டையோடு இழுபட்டு வருவதால் அந்த உதவியும் கிடையாது. பந்து கிளம்பிய பிறகு வெரசாக இருந்து பிடித்துவிடலாம் என்பது கணக்கிலேயே உதைக்கிறது. கிளம்பும் முன்னே தெரிந்திருக்க வேண்டும்.

கிரிக்கெட்டில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பீட்டர் மெக்லியோட் என்ற ஆய்வாளர் 1987-ல் சர்வதேச அளவில் ஆடிய பேட்ஸ்மேன்களை, மேட்டிங்குக்கு அடியில் குச்சிகள் மறைத்து வைத்த பிட்ச்சில் ஆடவிட்டார். பந்து குத்தியபின் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊகிக்கவே வழியில்லை. அப்போது மட்டையின் போக்கை மாற்ற அந்தப் பெரிய ஆட்களுக்கும் 0.2 நொடி அளவு தேவைப்பட்டது, சாதாரண ஆளுக்கு ஆகிற அதே நேரம். அவர்கள் திறமை எல்லாம் பந்து வீசுகிறவன் கையைப் படிப்பதில் இருக்கிறது. ஓட்டத்திலும் இப்படித்தான். உசேன் போல்ட் 2009-ல் பெர்லினில் நூறு மீட்டரை 9.58 நொடியில் ஓடியபோது துப்பாக்கிச் சத்தத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் 0.146 நொடி. அதே வரிசையில் அவரைவிட முந்திப் புறப்பட்டவர்கள் இருந்தார்கள்.

இதற்கு நாங்கள் செய்வதில் காசே செலவில்லை. பழைய காலண்டர் அட்டை ஒன்று போதும். கீப்பர் கோலில் நிற்பாள், நான் அவள் தோளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நிற்பேன். எதிரே ஃபிளிக் எடுக்கிறவள் ஓடி வந்து பந்தை இழுப்பாள். பந்து மட்டையை விடும் கணத்தில் அட்டையைக் கீப்பரின் முகத்துக்கு முன்னால் இறக்கிவிடுவேன். பந்து போன பக்கத்தை அவள் பார்க்க முடியாது, ஆனால் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். பந்தைப் பாதுகாப்பாக வெளியே போகிற மாதிரித்தான் ஃபிளிக் எடுக்கச் சொல்வேன், ஹெல்மெட்டும் கழற்ற விடமாட்டேன். முதலில் காசு சுண்டிப் போட்டுச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"ஏளா, பந்தையே பாக்காத. அவ இடது கால் எங்க ஊனுதுன்னு பாரு."

"பந்தைப் பாக்காம எப்படி டீச்சர் தடுக்க?"

"அது வெளிய வரும்போது பாரு. அதுவரைக்கும் கால்ல இரு, அப்புறம் தோளுக்கு வா."

இடது கால் பாதம் திரும்பும் திசை, தோள் எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது, கைப்பிடி உடம்பை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறது. இந்த மூன்றையும் பிடித்துக்கொண்ட பிறகு அவள் முக்கால்வாசி சரியாகச் சொல்ல ஆரம்பித்தாள். லைட்டில் சீசன் முழுக்கத் தட்டிக் கிடைத்தது ஸ்கேலில் ஒரு சென்டிமீட்டர். அட்டையில் கிடைத்தது டர்ஃபில் கண்ணுக்கே தெரிந்தது. பந்து வருவதற்குள் அவள் எடை சரியான காலுக்குப் போயிருந்தது.

லைட்டே வீண் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் நிறம் மாற்றும் வசதி இருக்கிறது. பச்சை எரிந்தால் தொடு, சிவப்பு எரிந்தால் கையை அடக்கு. எங்கள் சின்னக் கீப்பர் எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு விழுவாள், ஃபிளிக் எடுக்கிறவள் சும்மா தோளை ஆட்டினாலே போதும், இவள் தரையில் கிடப்பாள். அவளுக்குச் சிவப்பு விளக்கு நல்ல வாத்தியார். அடங்கி நிற்கப் பழகினாள்.

இதைவிடப் பெரிய உபயோகம் ஒன்று, எந்த விளம்பரத்திலும் இல்லாதது. ஆடி மாசம் எங்கள் சுற்று வட்டாரத்தில் கோவில் கொடை. வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சாமக்கொடை என்று முடிந்து பிள்ளைகள் படுக்க விடியற்காலை ஆகிவிடும். மறுநாள் பிராக்டிஸுக்கு மட்டும் சரியாக வந்து நிற்பார்கள். கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன் டீச்சர்" என்பார்கள். பார்த்தாலும் தெரியாது. அப்படி ஒரு காலையில் லைட்டில் மூன்று நிமிஷம் விடாமல் தட்டச் சொன்னேன். பெரும்பாலும் வழக்கமான எண்தான் வந்தது. ஆனால் நடுநடுவே எண்ணூறு, தொள்ளாயிரம் என்று எகிறியது. தூக்கமில்லாத உடம்பின் குணமே இதுதான். எப்போதும் மெதுவாக இருக்காது, இடையிடையே ஒரேயடியாகக் கைவிட்டுவிடும். ஸ்கேல் சோதனையில் இது சிக்காது. ஒரு தடவை பிடிக்க அரைத்தூக்கக்காரியும் முழித்துக்கொள்வாள். மூன்று நிமிஷம் விடாமல் என்றால் மறைக்க முடியாது.

மணிக்கு நூறு கிலோமீட்டரில் வருகிற பந்துக்கு முன்னால் அப்படி ஒரு பிள்ளையை நிறுத்த எனக்கு மனசு வராது. அன்றைக்கு அவளைக் கோலில் நிறுத்தவில்லை, நிழலில் படுக்க வைத்தேன். இப்போது கீப்பர் கிட் மாட்டுவதற்கு முன்பு இந்த மூன்று நிமிஷம் கட்டாயம். காய்ச்சல் வந்து தேறியவள், பரீட்சைக்கு ராத்திரி முழுக்கப் படித்தவள் எல்லாரும் இதில் தெரிந்துவிடுவார்கள். ஏழாயிரம் ரூபாயில் ஐயாயிரத்தை நான் இந்தக் கணக்கில்தான் எழுதுவேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் வெயிலில் பதினோரு மணிக்கு மேல் விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்றே தெரியாது. காலையில் சீக்கிரம், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல். கீப்பர் கையுறையோடு தொட்டால் பதியாது, வெறும் கையால்தான் தொட வேண்டும். காலால் தட்டுகிற பயிற்சிக்கு வில்லை தாங்குமோ என்று பயம், அதனால் செய்யவில்லை. ஆனி ஆடியில் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று, வில்லையைச் சாய்த்துவைத்த கோனோடு சேர்த்துத் தூக்கிவிடும். செங்கல் முட்டுக் கொடுக்க வேண்டும். கரிசல் புழுதி சார்ஜ் பின்னில் அப்பிக்கொண்டு ஒரு வில்லை சார்ஜ் ஏறாமல் நின்றது. பழைய டூத் பிரஷால் தேய்த்ததும் சரியானது. ஆப் முழுக்க ஆங்கிலம், போனை எடுத்துக்கொண்டு கோலுக்குப் பின்னால் போனால் தொடர்பு அறுந்துவிடும். அறுந்தால் அதுவரை எடுத்த எண்கள் போச்சு. விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன், பதிலே இல்லை.

இன்னொன்றும் சேர்த்து வாங்கினேன், முண்டு முண்டாக இருக்கும் ரப்பர் பந்து. பாளையங்கோட்டையில் ஸ்போர்ட்ஸ் கடை அண்ணாச்சியிடம் முந்நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. குத்தினால் எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது. வார்ம் அப்புக்கு நல்லது, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள், பாதம் லேசாகும். படிக்க ஒன்றுமில்லாத பந்து அது, அதனால் அதற்கு மேல் அதில் எதிர்பார்க்காதீர்கள்.

கீப்பரின் ஹெல்மெட்டோ கிக்கரோ (பாதத்தில் மாட்டும் காப்பு) கிழிந்து கிடக்கிற பள்ளி என்றால் இந்தப் பணத்தை முதலில் அங்கே போடுங்கள். கிட் சரியாக இருந்து, கையில் கொஞ்சம் காசும் இருந்தால் நான்கு வில்லை போதும், ஆறு எட்டு என்று வேண்டாம். நிறம் மாற்றும் வசதியும், ஒவ்வொரு தொடுதலின் எண்ணையும் தனித்தனியாகக் காட்டும் ஆப்பும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சராசரி மட்டும் காட்டுகிற ஆப்பில் அந்த எண்ணூறும் தொள்ளாயிரமும் கரைந்துபோகும். தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன் என்கிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மைதானத்துக்கு வாருங்கள், உங்கள் கீப்பரையும் கூட்டிக்கொண்டு. காலண்டர் அட்டையும் எடுத்து வைத்திருப்பேன்.