கணக்குப்பிள்ளை மேசையில் எட்டு மாதம்

கழுத்து எலும்புத் தேய்மானத்தின் தொடக்கம் என்று மருத்துவர் சொன்ன அன்றுதான், சாப்பாட்டு மேசையில் முதலில் தாளையும் பிறகு மடிக்கணினியையும் வைத்துக்கொண்டு இருபது ஆண்டுகளாகக் குனிந்தே எழுதி வந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்மேசைகளின் விலையை விசாரித்துப் பின்வாங்கிய நான், கடைசியில் காரைக்குடியில் பழம்பொருள் கடையொன்றில் 6,500 ரூபாய் கொடுத்து ஒரு கணக்குப்பிள்ளை மேசை வாங்கினேன். இரண்டு கட்டுரைகளுக்கான சன்மானம் அது. அதுவும் வந்து சேர்ந்தால்.

பெயர்தான் மேசையே தவிர, இது கால்களில்லாத ஒரு பெட்டி. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு எழுத வேண்டும். நான் வாங்கியது 20 அங்குல அகலமும் 15 அங்குல ஆழமும் உடையது. எழுதுபவரின் பக்கம் 4 அங்குலமும் எதிர்ப்பக்கம் 8 அங்குலமுமாக உயர்வதால், மூடி ஏறத்தாழ 15 பாகை சாய்ந்திருக்கிறது. தாள் நழுவாமலிருக்கக் கீழ் விளிம்பில் அரை அங்குலச் சட்டம் ஒன்று உண்டு. மூடியைத் திறந்தால் நாணயங்களுக்கும் முத்திரைகளுக்குமான சிறு அறைகள். மூடியின் உட்புறம், யாரோ மஞ்சளைத் தொட்டு எழுதிய பிள்ளையார் சுழி இன்னும் மங்கலாகத் தெரிகிறது. பர்மாவிலும் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் எனும் தொழிலகங்களில், மேலாள், அவருக்கு அடுத்த நிலையிலிருந்த அடுத்தாள், கடைநிலைப் பெட்டியடிப் பையன் என்று அனைவரும் தரையில் அமர்ந்தே தொழில் பார்த்தார்கள். நாள் முழுவதும் கணக்கெழுதியவர்களின் உடம்புக்கேற்ப உருவான பொருள் என்பதால், எழுதுபவனுக்கும் இது பொருந்துவதில் வியப்பில்லை.

கழுத்தைப் பொறுத்தவரை இது கொடுத்த விலைக்குத் தகுந்த பொருள். மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ. ஆனால் தலையை 30 பாகை முன்னால் சாய்க்கும்போது கழுத்தெலும்பின் மீது விழும் சுமை 18 கிலோவாகவும், 60 பாகையில் 27 கிலோவாகவும் உயர்கிறது என்று அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் ஒரு கணக்கீட்டை வெளியிட்டார். அது கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கே தவிர, மனிதர்களின் கழுத்தில் கருவி பொருத்தி அளந்ததன்று. இருந்தாலும், தாள் என்னை நோக்கி நிமிர்ந்து நிற்கும்போது நான் குனிய வேண்டிய தேவை குறைகிறது என்பதை உணர எனக்குக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது மாதத்திலிருந்து, காலையில் எழும்போது வலது தோள்பட்டையில் இருந்துவந்த இறுக்கம் இல்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த கழுத்துப் பயிற்சிகளையும் விடாமல் செய்கிறேன் என்பதால், பெருமை முழுவதையும் பெட்டிக்கே கொடுத்துவிடவும் முடியாது.

நான் எதிர்பாராத நன்மைகள் இரண்டு. தரையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் கால் மரத்துவிடுகிறது. எழுந்தே ஆக வேண்டும். நாற்காலியில் மூன்று மணி நேரம் அசையாமல் கிடந்தவனை, இந்த மேசை ஒரு முற்பகலில் நான்கு முறையாவது எழுப்பி நடக்க வைக்கிறது. மற்றொன்று, கைபேசியைப் பெட்டிக்குள் போட்டு மூடி, மேலே கையெழுத்துப் பிரதியைப் பரப்பிவிட்டால், அதை எடுப்பதற்குத் தாள்கள், பேனா, கண்ணாடி அனைத்தையும் ஒதுக்கி மூடியைத் தூக்க வேண்டும். அந்தச் சோம்பலே எனக்குக் காவலாக இருக்கிறது. மதியம் ஒரு மணிக்கு, எழுதியவற்றை உள்ளே வைத்து மூடியதும் வேலை முடிந்தது. முன்பெல்லாம் இரவு பதினொரு மணிக்கும் ஒரு பத்தியைத் திருத்திக்கொண்டிருந்தவன், இப்போது மாலை நேரத்தை வீட்டாருக்கும் வாசிப்புக்கும் கொடுக்க முடிகிறது. ஒரு நாளில் எழுதும் அளவு குறைந்துவிட்டது என்பது உண்மைதான். எழுதியதை அடித்துத் திருப்பி எழுதுவதும் அதைவிடக் கூடுதலாகக் குறைந்திருக்கிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மடிக்கணினிக்கு இது உதவாது. சாய்வில் வைத்துத் தட்டச்சு செய்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கி, கழுத்து வலி கைக்கு இடம் மாறுகிறது. ஆகவே முதல் படியைக் கையால் எழுதி, பிறகு வேறிடத்தில் தட்டச்சு செய்கிறேன், வேலை இரட்டிப்பாகிறது. கடைக்காரர் முழுவதும் பர்மாத் தேக்கு என்று சொல்லி விற்றார். வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் அடிப்பலகை பிளந்தபோதுதான், அது அண்மையில் ஆணியடித்துச் சாயம் பூசிய ஏதோ மட்டமான மரம் என்பது தெரிந்தது. தொலைபேசியில் கேட்டதற்குப் பழைய பொருள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். பலகையை மாற்ற மேலும் 900 ரூபாய் ஆயிற்று.

முழங்கால் வலி உள்ளவர்கள் இதை வாங்க வேண்டாம். சாதாரண மேசையின் மீது இதே பெட்டியை வைத்து, நாற்காலியில் அமர்ந்து எழுதிப் பார்த்தேன், தோள் உயர்ந்துவிடுகிறது. மற்றவர்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன என்பதால், பல பெட்டிகளைப் பார்த்து, கவிழ்த்து அடிப்பலகையைச் சோதித்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தபின் விலை பேசலாம். புதிதாகச் செய்வித்துக்கொள்வது அவ்வளவு எளிதன்று. அடிப்பலகையை மாற்றித் தந்த தச்சரிடம் நண்பருக்காக இன்னொன்று கேட்டேன். மூடிக்கு இவ்வளவு அகலத்தில் ஒரே பலகை இப்போது கிடைக்காது, இரண்டாக ஒட்டினால் நடுவில் கோடு விழும், எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் பேனா அதில் தட்டும் என்று மறுத்துவிட்டார்.