விதைக் குழுவும் மொழிபெயர்ப்புச் செயலியும்: சில வருட அனுபவம்

எங்கள் மாடித்தோட்ட விதைப் பரிமாற்றக் குழுவில் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு என்று நான்கு மொழிக்காரர்கள் இருக்கிறோம். அவரவர் மொழியில் பதிவு போடுவோம். மற்றவர்கள் கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படித்துக்கொள்வோம்.

மாவுப்பூச்சிக்கு என்ன அடிப்பது, வேப்பம் புண்ணாக்கு எவ்வளவு போடுவது போன்ற பேச்சுக்கு இது தாராளமாகப் போதும். 2011-ல் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் வந்த புதிதில் படித்துச் சிரித்தவர்களுக்கு இன்றைய தரம் ஆச்சரியமாகவே இருக்கும்.

தெரியாத சொல் வந்தால் செயலியைத் திறக்கிறோம், தப்பித்துவிடுகிறோம். தெரிந்த மாதிரி ஒரு சொல் வரும்போதுதான் வம்பு. யாரும் செயலியைத் தொடுவதே இல்லை. திருச்சூர் சேச்சி ஒருவர் ஓலன் (கேரளத்துக் கூட்டு) வைக்க வேண்டும், கும்பளங்ஙா விதை வேண்டும் என்று கேட்டார். மைசூர் அக்கா, "அதுதானே, கும்பளகாயி, நம்மிடம் இருக்கிறது" என்று கவரில் போட்டு அனுப்பிவிட்டார். மலையாளத்தில் அது சாம்பல் பூசணி. கன்னடத்தில் வெறுமனே கும்பளகாயி என்றால் பெரும்பாலும் மஞ்சள் பரங்கி. கொடி ஏறியது, மஞ்சள் பூ விட்டது. இரண்டுக்குமே பூ மஞ்சள்தான் என்பதால் சேச்சிக்குச் சந்தேகமே வரவில்லை. பிஞ்சில் சுணை இல்லையே என்று பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. (நம் ஊரிலேயே பூசணி என்றால் எது என்று ஜில்லாவுக்கு ஜில்லா சண்டை உண்டு. அடுத்தவரை என்ன சொல்ல!)

குண்டூர்க்காரர் ஒருவர் குரல் பதிவில் "வித்தனாலு அவசரம்" என்றார் (வித்தனாலு என்றால் விதைகள்). சேலத்து அண்ணன் பதறிப்போய் அன்றே கூரியரில் போட்டார். தெலுங்கில் 'அவசரம்' என்றால் 'தேவை' என்றுதான் பொருள். அவர் அடுத்த பட்டத்துக்குக் கேட்டிருக்கிறார். இதே சொல் மலையாளத்தில் 'வாய்ப்பு'.

செயலி தானே செய்யும் கோளாறும் இருக்கிறது. தமிழிலிருந்து மலையாளத்துக்குப் போகும் பேச்சு பல செயலிகளில் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. நாம், நாங்கள் என்ற வேறுபாடு இரண்டு மொழியிலும் உண்டு, நடுவில் இருக்கும் ஆங்கிலத்தில் இல்லை. "ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாற்றுப்பண்ணைக்குப் போகிறோம்" என்று போட்டேன். பாலக்காட்டுக்காரர் எத்தனை மணிக்கு வரணும் என்று கேட்டார். அதைவிட மோசம், நாம் மரியாதையாக எழுதும் 'நீங்கள்' அங்கே 'நிங்ஙள்' ஆகி இறங்குவது. வயதில் பெரியவரிடம் அப்படிச் சொன்னால் மலையாளிகள் பலருக்கு முகம் சுருங்கும். நான் இப்போது 'சேட்டன்', 'சேச்சி' என்று உறவுமுறையைச் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

பேச்சுத்தமிழைக் கொடுக்காதீர்கள். "அனுப்பிச்சுட்டேன்னு சொன்னாங்கல்ல" என்றால் அனுப்பியது யார், சொன்னது யார் என்று அதற்குப் பிடிபடுவதில்லை. முழு வாக்கியமாக எழுதி, வந்ததைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு அனுப்பினால் பாதித் தொல்லை குறையும். விதை விஷயத்தில் அதுவும் உதவாது. காயின் படமும் தாவரவியல் பெயரும் வேண்டும். பெனின்காசா ஹிஸ்பிடா என்று போட்டால் நாலு மொழிக்காரருக்கும் சாம்பல் பூசணிதான்.

காசு கட்டும் பதிப்பையும் ஒரு வருடம் வாங்கிப் பார்த்தேன். விளம்பரம் போனதைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாததால் இந்த முறை புதுப்பிக்கவில்லை.