டிஸ்க் பிரேக் மாற்றப் போகிறீர்களா? என் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

1960களில் வந்த கார். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், அதாவது சுற்றும் டிரம்முக்குள் ஷூ என்ற கட்டைகள் விரிந்து உரசும் வகை. முன்பக்கம் மட்டும் டிஸ்க்குக்கு, அதாவது சுற்றும் தட்டை இரண்டு பேட்கள் கவ்வும் வகைக்கு, மாற்றலாம் என்று, பழைய வண்டி வேலையில் பேர்போன ஒருவரிடம் விட்டேன். "டிரம்மைக் கழட்டிட்டு டிஸ்க்கை மாட்டிடலாம் சார், புது வண்டி மாதிரி நிக்கும்" என்றார். ஒரு வாரம் என்று சொல்லி ஆறு வாரம் இழுத்தடித்தார். அது போகட்டும்.

எடுத்த அன்றே பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. இரண்டு தடவை ஏர் எடுத்து (பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றி) கொடுத்துவிட்டு, "ஓட ஓட செட் ஆயிடும்" என்றார். நானும் நம்பினேன். நாலாம் நாள் ஓர் இறக்கத்தில் கருகல் வாடை. பெடல் அப்படியே தரைக்குப் போனது. கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து இழுத்து எப்படியோ ஓரங்கட்டினேன். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியாத சூடு.

வேறொரு மெக்கானிக் ஜாக்கி போட்டுத் தூக்கினார். பெடலில் யாரும் கால் வைக்கவில்லை. ஆனாலும் சக்கரம் கையால் திருப்பினால் நகரவில்லை. பேட்களை அழுத்தும் காலிப்பரில், காற்றை வெளியேற்ற இருக்கும் பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தினார். ஆயில் சுர்ரென்று பீறிட்டது, சக்கரம் தாராளமாகச் சுற்றியது. "டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரையே விட்டு வச்சிருக்காங்க" என்றார். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம் அது.

விஷயம் இதுதான். டிரம் வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் பெரும்பாலும் ஒரு சின்ன வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை அது பிடித்து வைக்கும். டிரம்முக்கு அது தேவை. அந்த அழுத்தம் இருந்தாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஷூவைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் கிடையாது. பேட் உரசிக்கொண்டே இருக்கும், சூடு ஏறும், ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியை மிதித்தால் எங்கே பிரேக் பிடிக்கும்? என் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன் வேறு.

பஞ்சு பெடலுக்குக் காரணம் தனி. முதல் மெக்கானிக் இடது வலது காலிப்பர்களை மாற்றி மாட்டியிருந்தார். நிப்பிள் மேலே பார்க்க வேண்டியது கீழே பார்த்தது. காற்று மேலே தங்கும். கீழ் ஓட்டை வழியாக எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் வராது. வண்டியை எடுக்கும் முன் குனிந்து பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

வயிற்றெரிச்சல் எதில் என்றால், பில்லில் "புது மாஸ்டர் சிலிண்டர்" என்று போட்டு முழு விலை வாங்கியிருந்தார். பழசுக்கே பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரியும் என்பதை மறந்துவிட்டார் போல. மூடிக்குக் கீழே கசிந்த இடத்தில் தோல் மாதிரி உரிந்து, உள்ளே பழைய துரு பல்லைக் காட்டியது. போட்டோ எடுத்து அனுப்பினேன், பதில் இல்லை.

டிஸ்க்குக்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டர், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் சர்வோ என்று எல்லாம் மறுபடி செய்தாயிற்று. இப்போது நிற்கிறது. கழற்றிய டிரம்களையாவது கொடுங்கள் என்று நேரில் போய்க் கேட்டேன். எடைக்குப் போட்டுவிட்டாராம். அந்தக் காசும் பில்லில் கழியவில்லை.