பிடிஎஃபா, வேர்டா, இணையப் பக்கமா: பாடத்தை எதில் கொடுப்பது?

பார்வையற்ற மாணவர் ஒருவர் ஆசிரியர் அனுப்பிய பிடிஎஃபைத் திறக்கிறார். நாற்பது பக்கப் பாடம். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் அவருடைய ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பக்கம் காலி. புத்தகத்தை ஸ்கேன் செய்து அப்படியே ஏற்றினால் இதுதான் நடக்கும். நம் கண்ணுக்கு அது எழுத்து, கணினிக்கு வெறும் படம். இணையவழிப் பாடம் தயாரிக்கிறவர்கள் அதை எந்தக் கோப்பு வடிவத்தில் கொடுப்பது என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். எல்லா வடிவமும் ஒன்றுதான் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அடோபி நிறுவனம் 1993இல் பிடிஎஃபைக் கொண்டுவந்தது. அச்சுக்கு அது வரம். ஆனால் பார்வை மங்கிய மாணவர் எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை வலமும் இடமும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். ஒழுங்காகச் செய்த இணையப் பக்கத்தில் வரிகள் தாமாகவே மடிந்து திரைக்குள் அடங்கும். 400 சதவீதம் பெரிதாக்கினாலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும் என்று இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்காக 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 விதிகள் சொல்கின்றன. எழுத்தின் அளவு, நிறம், வரி இடைவெளி எல்லாவற்றையும் படிப்பவரே மாற்றிக்கொள்ளலாம். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிக்கல் உள்ள மாணவருக்கு இந்த வசதி எவ்வளவு பெரிய உதவி என்பதை அவர்கள் படிக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் புரியும்.

பிடிஎஃபையும் சரியாகச் செய்யலாம். தலைப்பு எது, பத்தி எது, அட்டவணை எது என்று கணினிக்குச் சொல்லும் அடையாளக் குறியை, அதாவது டேக்கை, உள்ளே போட வேண்டும். அதற்கென்று பிடிஎஃப்/யூஏ என்ற ஐஎஸ்ஓ தரம் 2012 முதல் இருக்கிறது. ஆனால் முடிந்துபோன பிடிஎஃபில் உட்கார்ந்து டேக் போடுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பக்கத்தை இடம் வலமாக இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து அச்சான கட்டுரையில் வாசிப்பு வரிசை தவறினால், இடப்பக்க வரியில் பாதியும் வலப்பக்க வரியில் பாதியும் சேர்ந்து காதில் விழும்.

அதனால் பெரும்பாலான ஆசிரியர்களுக்கு நான் சொல்வது வேர்டுதான். ஏற்கெனவே கையில் இருக்கிறது, பழகியும் இருக்கிறது. ஒரே ஒரு பழக்கத்தை மாற்றினால் போதும்: எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்குவதற்குப் பதில், ஸ்டைல் பட்டியலில் உள்ள ஹெடிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஸ்கிரீன் ரீடருக்கு அப்படி இல்லை. ஹெடிங் போட்டிருந்தால் மாணவர் எச் விசையைத் தட்டித் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவலாம். இல்லையென்றால் தேவையான பகுதி வரும்வரை எல்லாவற்றையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். பிடிஎஃப் கட்டாயம் வேண்டுமா? வேர்டிலிருந்து சேவ் ஆஸ் வழியாக எடுத்தால் இந்த ஹெடிங்குகள் டேக்காகப் பிடிஎஃபுக்குள் போகும். பிரிண்ட் வழியாக எடுத்தால் அத்தனையும் தொலைந்துவிடும்.

முழுப் பாடநூலாக இருந்தால் மின்நூலுக்கான இபப் வடிவம் நல்லது. மற்றபடி சின்னக் குறிப்புகளுக்கு அது தேவையில்லை.

தமிழில் எழுதுகிறவர்கள் எந்த வடிவத்தை எடுத்தாலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டினால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். திரையில் தமிழாகத் தெரியும், ஆனால் ஸ்கிரீன் ரீடர் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் உளறும். பழைய பாடங்களை, தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றவே கூடாது.

கணக்குப் பாடத்தில் போட்டி வேறு மாதிரி. சமன்பாட்டைப் படமாக ஒட்டி, ஸ்கிரீன் ரீடர் படிப்பதற்கான விளக்கத்தை மாற்று உரையாக எழுதலாம். குட்டிச் சமன்பாட்டுக்கு அது போதும். நீளமாக இருந்தால் மொத்தத்தையும் ஒரே மூச்சில் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், நடுவில் நிறுத்தித் திரும்பிப் பார்க்க வழியில்லை. சமன்பாட்டை அதன் அமைப்போடு எழுதும் குறியீட்டு மொழியான மேத்எம்எல்லில் கொடுத்தால் அதற்குத் துணைநிற்கும் ஸ்கிரீன் ரீடரில் மாணவர் முதலில் பின்னத்தின் தொகுதிக்குள் போய், அப்புறம் பகுதிக்குள் போய், ஒவ்வொரு உறுப்பாகப் பார்க்கலாம். கணக்குப் போடுகிறவருக்கு வேண்டியது இதுதான். கொஞ்சம் கூடுதல் உழைப்பு ஆனாலும் இதையே செய்யுங்கள்.

சரி, வீடியோவுக்கு வருவோம். பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் கேப்ஷன் தானாக உருவாவது, கையால் திருத்திய கேப்ஷன், தனியாக எழுதிக் கொடுக்கும் உரை என்று மூன்று வழிகள். முதல் வழிக்குச் செலவே இல்லை, ஆனால் பாடத்தின் கலைச்சொல்லில்தான் அது அதிகம் தடுமாறும். மாணவர் புதிதாகக் கற்க வந்ததே அந்தச் சொல்லைத்தான். 'கரையும்' என்பது 'கரையாது' என்று விழுந்தால் வேதியியல் பாடமே தலைகீழாகிவிடும், காது கேட்காதவருக்கு அது பிழை என்று தெரிய வழியும் இல்லை. ஆகவே தானாக வந்ததை வரைவாக எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து திருத்துங்கள். சைகை மொழியிலேயே வளர்ந்த மாணவர்களுக்குத் திருத்திய கேப்ஷனும் போதாமல் போகலாம், அவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பு வேண்டும்.

தனி உரையைக் கேப்ஷனுக்குப் பதிலாக வைக்க முடியாது, படத்தையும் எழுத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க இயலாதே. ஆனால் கண்ணும் தெரியாத, காதும் கேட்காத மாணவருக்கு அந்த வீடியோவில் கையில் கிடைப்பது அந்த உரை மட்டும்தான். பிரெய்ல் கருவியில் எழும்பும் புள்ளிகளை விரலால் தடவி அதைப் படிப்பார். ஆசிரியர் பேசியதோடு, பலகையில் வரைந்த படம் என்ன என்பதையும் இரண்டு வரி எழுதிச் சேர்த்துவிட்டால், "இந்தக் கோடு இங்கே வெட்டுகிறது பாருங்கள்" என்று ஆசிரியர் சொன்னது எந்தக் கோட்டை என்று அவருக்கும் தெரியும்.